பதினான்கு

முதலில் அந்தப் பலகையில்
'மூடர் காப்பகம்' என்றிருந்தது.
நார்வேயின் வடகரையில், காட் மீன் உலர்த்தும் சட்டங்களுக்குப் பின்னால்
அரசு கட்டிய மஞ்சள் வீடு.
அன்றைக்கு அது வசை இல்லை,
மருத்துவர் குறிப்பேட்டில் கூட்டெழுத்தில் எழுதுகிற சுத்தமான சொல்.
அதன் கீழே ஆறு வயதில் நுழைந்தாள் பெத்ரீனே,
ஒரு கையில் சித்தியின் விரல்,
மறு கையில் ஜோடி தொலைந்த கையுறை.

போர் முடிந்து ஒரு குழு கூடியது.
சொல் கூசுகிறது என்றார்கள்.
பெயின்டர் ஓஸ்முண்ட் ஏணியோடு வந்தான்,
வெள்ளை அடித்து, கறுப்பில் எழுதினான்:
'அறிவு குன்றியோர் இல்லம்.'
காப்பகம் இல்லமானது.
பூட்டு பழைய பூட்டுதான்.

பெயின்ட் காயவில்லை,
பள்ளி மைதானத்தில் பந்தைத் தவறவிட்டவனை
ஒருத்தன் கூப்பிட்டான்:
"டேய், குன்று!"
அந்த ஊரில் மலைகள் நிறைய.
ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுபடி குழு. மறுபடி ஏணி.
'வளர்ச்சி தாமதித்தோர்.'
நேரத்துக்கு வகுப்புக்கு வந்தவனையும்
"தாமதம்" என்றார்கள்.

பிறகு ஓஸ்முண்டின் முழங்கால் ஏணிக்கு ஒத்துவரவில்லை.
மகள் ஹெர்டிஸ் ஏறினாள்.
'சிறப்புத் தேவையுடையோர்.'
இந்த முறை யாரும் கத்தவில்லை,
"அவன் கொஞ்சம் சிறப்பு" என்று
நெற்றிப்பொட்டில் விரலைத் திருகினார்கள்,
பெரியவர்களும்.
மீன்கடைக்காரர்
'இன்றைய சிறப்பு' தட்டியை உள்ளே எடுத்து வைத்துவிட்டார்.

கடைசிக் குழுவிடம் சொல் தீர்ந்துபோயிருந்தது.
காபி ஆற ஆற உட்கார்ந்திருந்து,
பலகையே வேண்டாம், எண் போதும் என்றார்கள்.
ஹெர்டிஸ் கதவில் எழுதினாள்: 14.

அடுத்த வசந்தத்தில் பேருந்தில் ஒரு பையன்
இன்னொருவனைக் கேட்டான்: "நீ பதினாலா?"
கணக்கு வகுப்பில்
பதின்மூன்று வந்ததுமே சிரிப்பு கசிந்தது.
ஆசிரியை நல்லவர். அதிலிருந்து
"பதினைந்துக்கு முந்தியது" என்று சொல்லிப் பழகினார்.

பெத்ரீனேயின் தலைக்கு மேலே
ஐம்பது வருஷம் இதெல்லாம் நடந்தது.
அவளுக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை ஒன்றே ஒன்று,
சமையலறைக்கு மீன் கொண்டுவந்த படகுக்காரர்கள்
விட்டுப்போனது.
குதிரையின் ஓர் உறுப்பு அது.
நகரத்தில் சொன்னால் பல் உதிரும்.
அந்தக் கரையில் அதைப்
பிடித்தவர் தோளில் கை போட்டுத்தான் சொல்வார்கள்.

பழைய பலகையைக் கழற்றிய அன்று
சுரண்டிய இடத்தில் வெள்ளைக்குள் கறுப்பு, கறுப்புக்குள் வெள்ளை.
ஹெர்டிஸ் அதைச் சுமந்துகொண்டு இறங்கினாள்.
பெத்ரீனே காபியை நீட்டி
அந்த வார்த்தையைச் சொன்னாள்.
ஹெர்டிஸ் குடித்துவிட்டு
அதையே திருப்பிச் சொன்னாள்.
சிரிப்பு சட்டங்கள் வரைக்கும் கேட்டதாம்.

இங்கே அதை எழுத எனக்குக் கை வரவில்லை.
குதிரையின் உறுப்பு என்று சொல்லி நகர்ந்துவிட்டேன், பார்த்திருப்பீர்கள்.
இடக்கரடக்கல் என்று பள்ளியில் இதற்கு
இரண்டு மதிப்பெண் கொடுத்தார்கள்.
என்னிடமும் ஓர் ஏணி இருக்கிறது,
அரை டப்பா வெள்ளையும்.