ஒரு கைப்பிடி மண்

அன்ட்சிராபே நகராட்சி அரங்கு.
ஜூலைக் குளிர், தகரக் கூரை.
மூலத்தில் அவள்
அண்ணன் பிணத்தின்மேல் ஒரு கைப்பிடி மண் தூவுகிறாள்.
கிரேக்கத்திலிருந்து பிரெஞ்சுக்கு யாரோ கொண்டுவந்ததை
பிரெஞ்சிலிருந்து மலகாசிக்கு நான் கொண்டுவந்தேன்.
வழியில் மண் சிந்தவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

வுவாஹிரானா ஒத்திகையை நிறுத்தினாள்.
"இவ்வளவுதானா?
பட்டு எங்கே, மேளம் எங்கே?
ஏழு வருஷம் கழித்து இவனை வெளியே எடுத்து
புதுத்துணி சுற்றி, ஊர்க்கதை சொல்லி,
தோளில் வைத்து ஆடப்போகிறவர்கள் எங்கே?
ராஜா தடுத்தது இந்த ஓர் அடக்கத்தையா,
இனிமேல் வரவேண்டிய அத்தனையையுமா?"

பிரதியைப் புரட்டினேன்.
அதற்குமேல் அங்கே மண்தான் இருந்தது.

பட்டுக்குப் பணமில்லை.
கவர்னர் காலத்து மேடைத்திரையைக் கழற்றினோம்:
எலி கடித்த ஓரம், நடுவில் சரிகைச் சேவல்.
பிணத்துக்கு வைக்கோல் கேட்டால்
மாட்டுக்கே இல்லை என்றார்கள்.
நான் அடித்தெறிந்த தாள்களைச் சுருட்டிக் கட்டினோம்.
எட்டு மாத மொழிபெயர்ப்பு,
ஐந்தரை அடி.

முதல் காட்சி இரவு.
கோரஸாக வந்த கூத்துக்குழுவுக்கு
பழைய பட்டாளத்து வெட்டில் தைத்த சிவப்புக் கோட்டு.
ராஜா சூலூஃப் தடையாணையை வாசித்து முடித்ததும்
எக்காளம் ஊதிவிட்டார்கள், நான் எங்கேயும் எழுதாத எக்காளம்.
சபை எழுந்து ஆடியது.
ராஜாவுக்கு வசனம் மறந்தது.
யாரோ துணியின் ஒரு முனையை அவன் கையில் திணிக்க
கிரீடம் சரிய அவனும் ஆடினான்.

அவளுக்கான தூக்குக்கயிறு
திரைமறைவில் ஆணியில் தொங்கியது.
சாமான் பார்க்கிற பையன் இரண்டுமுறை அதைக் காட்டினான்.
நான் வேறெங்கோ பார்த்தேன்.

அப்போது மேடையேறினார்
மாட்டுத்தரகர் ரசுவானைவு,
செருப்பை ஓரமாகக் கழற்றிவைத்துவிட்டு.
நாற்பத்தேழில் ரயிலில் ஏற்றிப் போனவர்களில் அவர் அப்பாவும் ஒருவர்.
கல் நட்டாயிற்று. எலும்பு வரவில்லை.

"உள்ளே என்ன?"
"காகிதம்."
"என்ன எழுதியிருக்கு?"
"சரியாக வராத வரிகள்."

கொஞ்சம் யோசித்தார். உட்கார்ந்தார்.
கால்மாட்டில் துணியை இழுத்து முடிச்சை இறுக்கினார்.
பிறகு, காது இருக்கவேண்டிய இடத்தில் குனிந்து,
பெரியவள் மருத்துவச்சி ஆகிவிட்டாள் என்றார்,
கிழக்கு வயலை விற்கும்படி ஆகிவிட்டது என்றார்,
இந்த வருஷம் அரிசி…

அணைக்கட்டுமா என்று
விளக்குக்காரன் கை காட்டினான்.
அவர் இன்னும் விலை சொல்லி முடிக்கவில்லை.