இருநூற்றொன்று

கறண்ட் போய் வந்த ஒவ்வொரு தடவையும்
பெட்டி காணாமற் போகும்.
மேசையில்தான் இருக்கும்.
பச்சை வெளிச்சம் சிமிட்டும்,
உள்ளே தட்டுச் சுழலும் உறுமல்கூடக் கேட்கும்.
கணினி மட்டும்
அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்று சாதிக்கும்.

நான்கு டெராபைட்.
முப்பத்தொரு கலியாணம், பன்னிரண்டு சாமத்திய வீடு,
மானிப்பாயில் ஒரு ஐம்பதாவது பிறந்தநாள்:
கேக் வெட்டும்போது அழுத மனிசன்
அந்த இடத்தை எடுத்துவிடச் சொல்லி
மூன்றுதரம் போன் பண்ணினார்.
எல்லாம் மற்றவர்களின் நல்ல நாட்கள்.
நிரோசன் பிடிப்பான், நான் வெட்டுவேன்.
இரவு பதினொன்றுக்கு மணப்பெண்ணின் தமையன்
"எப்ப தருவியள்?" என்னும்போது
ஒளிந்து விளையாடும் பெட்டியை வைத்திருக்க ஏலாது.

ஸ்ரான்லி வீதிக் கடைப் பெடியன் கஜீபன் சொன்னான்:
"அக்கா, றவுட்டர் ஒவ்வொருக்காலும் புது இலக்கம் குடுக்குது.
வாடகைக்குத்தான், இருபத்துநாலு மணித்தியாலம்.
நீங்கள் நிரந்தரமா ஒண்டு எழுதிவிடுங்கோ.
கடைசியில ஐம்பது போடுங்கோ, வடிவான இலக்கம்."

தானாக எடுத்துக்கொள் என்ற இடத்துச் சரியை எடுத்தேன்.
வெறும் கட்டங்கள் திறந்தன.
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, புள்ளி,
நூற்று அறுபத்தெட்டு, புள்ளி,
வாய்ப்பாடு பாடமாக்கும் பிள்ளை மாதிரி
வாய்விட்டுச் சொல்லித்தான் அடித்தேன்.
ஆனாலும் மூன்றாவது கட்டத்தில்
ஒன்றுக்குப் பதில் சைபர் விழுந்ததைச்
சேமித்த பிறகுதான் கண்டேன்.
இப்போது பெட்டி உண்மையாகவே போய்விட்டது.

"பின்னால ஒரு சின்ன ஓட்டை இருக்கும், குத்துங்கோ.
ஒரு பீப் கேட்டதும் எடுத்துப்போடுங்கோ.
ரெண்டாவது கேட்டா அது வேற கதை."
கம்பி தேடி நேரமில்லை.
சாறி மடிப்பிலிருந்து பின்னைக் கழற்றிக் குத்தினேன்.
முப்பத்தொரு தாலி
அந்த ஊசிமுனையில் நின்றன.
பீப்.
எடுத்துவிட்டேன். கொய்யகம் அவிழ்ந்து நிலத்தில் கிடந்தது.

ஐம்பது ஐந்து நிமிடம் வேலை செய்தது.
பிறகு மேல்மாடியிலிருந்து வீட்டுக்காரர் குகபாலன்:
"பிள்ளை, கேற்று தெரியேல்லை. கமரா கறுப்பாக் கிடக்கு.
ஒஸ்லோவிலயிருந்து மகன் ஏசுறான்."
ஒரே இலக்கத்தில் இரண்டு குடித்தனம்.
ஒருவர் கதவைத் திறந்தால் மற்றவர் வெளியே.
கமராதான் முதல் வந்தது.
வாடகைக்கு இருப்பவள் வாக்குவாதப்பட முடியுமா?
நீங்களே ஐம்பதை வைத்திருங்கோ என்று
இருநூற்றொன்றுக்கு நகர்ந்தேன்.
அந்த ஒழுங்கையில் அயலே இல்லை.

கிராம அலுவலர் படிவத்தில்
நிரந்தர முகவரி என்ற கோட்டின் மேல்
நான் இன்றைக்கும் கட்டுவன் என்றுதான் எழுதுகிறேன்.
கம்பிவேலிக்கு அங்காலை.
வாசல் எந்தத் திசை, எனக்குத் தெரியாது.
நான் பிறந்ததே அதற்குப் பிறகு.
உறுதியில் உள்ள இலக்கம் மட்டும்
அடையாள அட்டை இலக்கத்தைவிட வேகமாக வரும்.
யாராவது கேட்டால் சொல்வேன்.
ஒருவரும் கேட்பதில்லை.

"நிப்பாட்டட்டோ?"
நிரோசன் மெயின் சுவிச்சில் கை வைத்து நிற்கிறான்.
நிப்பாட்டினான்.
காற்றாடி மெல்ல மெல்லச் செத்தது.
மேலே குகபாலன் மின்சார சபையைத் திட்டினார்.
நாங்கள் இருட்டில் சிரிப்பை அடக்கி
அறுபது வரை எண்ணினோம்.
போட்டான்.
உறுமல். பச்சை.
இருநூற்றொன்று.
பெட்டி இருந்த இடத்தில் இருந்தது,
கோண்டாவில் மாப்பிள்ளை தோழனோடு
பாதி காலைக் கழுவிக்கொண்டு நின்றான்.

"வீடு மாறினா இது சரிவராது, அக்கா,"
போனை வைக்கமுன் கஜீபன் சொன்னான்,
"வேற றவுட்டர். திரும்பத் துவக்கத்திலயிருந்து."
எங்கள் ஒப்பந்தம் தை மட்டும்.
சாறிப் பின்னைப் பெட்டியின் அடியில் வைத்து
செலோரேப்பால் ஒட்டிவிட்டேன்.