எண் ஏழு

கடையில் மூன்று கருவிகள் இருந்தன.
பெரியதில் நூற்றைம்பது ஒலி,
நடுத்தரத்தில் அறுபது,
சின்னதில் பன்னிரண்டே பன்னிரண்டு.
மூன்றுக்கும் ஒரே வேலைதான்:
இல்லாத ஒரு பிராணியை
இருட்டில் சாகவைப்பது.

அபு ஃபவாஸுக்கு ஒரே மாதத்தில் ஒன்பது குட்டி போயிற்று.
ஓநாயா நரியா என்று கேட்டேன்.
வந்தது பெயர் சொல்லிவிட்டுப் போகவில்லை என்றார்.
பெரியதைத் தூக்கிப் பார்த்தார்,
விலையைத் திருப்பிப் பார்த்தார்,
தர்பூசணியைத் தட்டுவதுபோல்
ஸ்பீக்கரைத் தட்டினார்.

ஏழு வருடமாக ஹஃபர் அல் பாத்தினில்
கூடாரமும் விளக்கும் காப்பித் தூக்கும் விற்கிறேன்.
ஒரு தடவைகூட வேட்டைக்குப் போனதில்லை.
ஆனாலும் சொன்னேன்:
ரிமோட் முன்னூறு மீட்டர் பிடிக்கும்,
மணல்மேடு குறுக்கே வந்தால் பாதிதான்.
குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும்,
உபரியாக ஒன்று வாங்கி
அங்கிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.
பெட்டியில் எழுதியிருப்பதைத்
தயங்காமல் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இத்ரீஸ் அதுவரை வாசலிலேயே நின்றான்.
சூடான்காரன். ஆட்டுக்குக் காவல் அவன்,
பெட்டியை வைத்துவிட்டு இருட்டில்
உட்காரப்போகிறவனும் அவன்.
'போட்டுக் காட்டு' என்றான்.

பெரியதில் ஒரு முயல் அலறியது.
கண்ணாடி அலமாரி அதிர்ந்தது.
'இது சாகவில்லை' என்றான்,
'சம்பளம் வாங்கிக்கொண்டு கத்துகிறது.'
நான் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.
நடுத்தரத்தில் தாயைத் தொலைத்த ஆட்டுக்குட்டி.
'எந்த நாட்டு ஆடு? எங்களுடையது இப்படி அழாது.'
நரிக்குட்டி, காடை, சிறகொடிந்த ஏதோ ஒரு பறவை,
எல்லாவற்றுக்கும் உதட்டைப் பிதுக்கினான்.
'மூச்சு வாங்க இடம் விடாமல் கத்தினால்
மிஷின் என்று அதற்குத் தெரிந்துவிடும்.
சாகிறதுக்கு நடுவில் சும்மா கிடக்கிற நேரம் உண்டு.
அப்போதுதான் அது கிட்ட வரும்.'

இஷாவுக்குப் பிறகு சின்னதை எடுத்துக்கொண்டு
டயர் கடைக்குப் பின்னால் காலி மனைக்குப் போனோம்.
ஜனவரி. வாயைத் திறந்தால் புகை.
நாற்பது அடி தள்ளி, இறுகிப்போன
ஒரு சிமெண்ட் மூட்டைமேல் வைத்துவிட்டு வந்து
எண் ஏழை அழுத்தினேன்.

ஒரு கீச்.
பிறகு ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்பது எவ்வளவு நீளம் என்று
அன்றுதான் பார்த்தேன்.
பிறகு இன்னொன்று, கொஞ்சம் ஈரமாக.
இத்ரீஸ் கையை உயர்த்தினான்:
இதுதான். விடு, ஓடட்டும்.

முதலில் வந்தது ஒரு பூனை, வயிறு தரையில் உரச.
அதன் பின்னால் இன்னொன்று, ஒற்றைக் காது.
மூன்றாவது மாடியில் விளக்கு எரிந்தது.
ஜன்னலைத் திறந்து ஒரு பெண்
எகிப்து அரபியில் 'யாரது, குழந்தையா?' என்றாள்.
அபு ஃபவாஸ் செருமினார், பேசவில்லை.
நான் ரிமோட்டைத் தேடினேன்.
கையிலேயே இருந்தது.
அதற்குள் அவள் இறங்கி வந்துவிட்டாள்,
இரண்டு காலிலும் வேறுவேறு செருப்பு,
கையில் ஒரு குளியல் துண்டு,
சுற்றி எடுப்பதற்கு.

மூட்டைமேல் பெட்டி
இன்னொரு தடவை செத்தது.
அவள் அதைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள்.
அரபியில் வசைக்குப் பஞ்சமில்லை.
ஒன்றையும் எடுக்காமல்
துண்டை உதறி மடித்துக்கொண்டு
படியேறிப் போனாள்.
பூனைகள் போகவில்லை.
எங்கோ கறி இருக்கிறது என்று
இன்னமும் நம்பின.

ஐம்பது ரியால் பேரம் பேசி
சின்னதையே வாங்கினார் அபு ஃபவாஸ்.
வண்டியில் ஏறப்போன இத்ரீஸ் திரும்பி வந்தான்.
'நிறுத்துகிற பொத்தான் எது?'
சிவப்பு என்றேன்.
'இருட்டில் சிவப்பு ஏது?'

ரிமோட்டை வாங்கி
அந்தப் பொத்தான்மேல் மட்டும்
விரலுக்குத் தட்டுப்படும்படி
ஒரு துணுக்குப் பிளாஸ்திரி ஒட்டிக் கொடுத்தேன்.
அதை ரசீதில் எழுதவில்லை.