நடுவில் இரண்டு வரி

சொல்வதை மட்டும் எழுத வேண்டும்,
ஒரு சொல் கூட்டினாலும் குற்றம் என்று
கையெழுத்து வாங்கிக்கொண்டுதான்
மஞ்சக்குப்பம் பள்ளியின் கீழ்த்தள அறையில்
என்னை உட்காரவைத்தார்கள்.

நான் தையல் டீச்சர்.
அவன் நிதின்ராஜ், பத்தாம் வகுப்பு.
சக்கர நாற்காலியில் பெல்ட்.
விரல் அசையும், பேனா தூக்காது.

"காலுதான் மேடம். மூளை பளிச்சுனு இருக்கும்"
என்றார் இறக்கிவிட்ட வேன் டிரைவர்.
தலைமையாசிரியருக்கோ
"உட்கார்ந்தே இருக்கிறவனுக்குப்
படிக்க என்ன கேடு?"
அப்பா கலியமூர்த்தி வாய் திறக்கவில்லை.
ஜிப்மரில் கொடுத்த தாள்
சட்டைப்பையில் நாலாக மடிந்திருந்தது.
தசைக்கு வராத அதே சத்து
தலைக்குள்ளும் கொஞ்சம் வேண்டியதாம்.
யாரிடம் பிரித்துக் காட்டுவது என்று தெரியாமலே
மடிப்பில் எழுத்து அழிந்துவிட்டது.

புயலுக்கு முன், புயலின்போது, புயலுக்குப் பின்
மேற்கொள்ள வேண்டிய நடவடிக்கைகள் யாவை?
ஒரே மூச்சில் வாசித்தேன்.
"இன்னொரு தடவ டீச்சர்."
வாசித்தேன்.
"முன்... அப்புறம்?"

மூன்றாம் தடவை
கமா வந்த இடத்தில் எல்லாம்
இருமல் வந்தவள்போல நின்றேன்.
நிற்பது சொல் இல்லையே.

டார்ச், தீப்பெட்டி, மெழுகுவத்தி,
ரேஷன் கார்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டணும்,
வரிசையாகச் சொன்னான்.
பிறகு, அறுந்த கம்பியைத் தொடக்கூடாது,
தண்ணியைக் காய்ச்சிக் குடிக்கணும்.
பிறகு ஜன்னலைப் பார்த்தான்.
"நடுவுல ஒண்ணு இருக்கு டீச்சர்.
நேத்து ராத்திரிகூட இருந்துச்சு."

மின்விசிறி சுற்றியது.
கூடுதலாகக் கொடுத்த ஒரு மணி நேரத்தில்
இருபது நிமிடம் அதிலேயே போனது.
எனக்கு விடை தெரியும்.
நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருந்தேன், திருடியைப்போல.

"ரெண்டு வரி விட்டு எழுதுங்க,
வந்தா சொல்றேன்."
விட்டேன்.
அவன் சொன்னதைத்தானே செய்தேன்.

மணி அடித்து,
தாள் போய்,
சாய்தளத்தில் அப்பா நாற்காலியைப்
பின்பக்கமாக இறக்கும்போது கத்தினான்:
"டீச்சர்! இருந்த எடத்துலயே இருக்கணும்!
வெளிய போகவே கூடாது!
எனக்குப் போயி அது மறந்துட்டு பாருங்க!"
சிரித்தான். தலை ஒரு பக்கம் சாய,
கலியமூர்த்தி நேராக்கிவிட்டார்.

அலுவலக அறையில்
விடைத்தாள் கட்டைத் துணியில் வைத்துத்
தைத்துக்கொண்டிருந்தார்கள்.
அரக்கு இன்னும் உருகவில்லை.
பெரிய பெரிய ஓட்டுத்தையல்.
ஒரு நூலை இழுத்தால் போதும்.
பார்த்துக்கொண்டே நின்றேன்.