பிளாஸ்டரில் எழுதிய காது

திருத்துறைப்பூண்டி அரசு ஆஸ்பத்திரி,
பதினோராம் எண் அறை.
மேசைமேல் தலையளவுக்கு ஒரு பிளாஸ்டிக் காது.
கம்பெனிக்காரன் ஒட்டி அனுப்பிய இங்கிலீஷ் பெயர்கள்
இரண்டு ஐப்பசி ஈரத்தில் உரிந்துவிட்டன.
வெள்ளைப் பிளாஸ்டரைக் கத்தரித்து
நானே எழுதி ஒட்டினேன்.

வெளியே மடல்.
வாழைக்கும் தாழைக்கும் இருப்பதுதான்.
மடலுக்குள் வளைவது குருத்தெலும்பு.
பிறகு கால்வாய்.
தூர் வாராத கால்வாய் என்பார் டாக்டர்
பஞ்சை உள்ளே விடும்போதெல்லாம்,
மாதத்துக்கு நாற்பது முறை.
கால்வாய் முடிகிற இடத்தில் பறை.
"செவிச்சவ்வுன்னு போட்டா டீசன்டா இருக்கும் மேடம்"
என்றார் கம்பவுண்டர்.
போடவில்லை.
அதிர்வது எதுவோ அதன் பெயர் அது.

பறைக்கு அப்பால் ஒரு கொல்லுலை:
சுத்தி, பட்டடை.
மூன்றாவது எலும்பைக் காணோம்.
மாடலிலேயே அவரைக்கொட்டை அளவு,
மனிதனுக்குள் அரை நெல்.
யாரோ பெருக்கிவிட்டார்கள்.
அது இருந்த பள்ளத்தின் ஓரம்
பெயர் மட்டும் இருக்கிறது: அங்கவடி.

பக்கிரிசாமி அதைத்தான் முதலில் படித்தார்.
பெல்ட் வண்டியில்
பதினாறு சம்பா அறுத்தவர்.
"அங்கவடின்னா?"
குதிரையேறுகிறவன் கால் வைக்கும் வளையம்.
"இந்தச் சேத்துல எவன் குதிரை ஓட்டுனான்?"
பிறகு அவரே தீர்த்துவைத்தார்:
"கிளட்ச் பெடல்னு எழுதுங்க."

ஹெட்போன் மாட்டி, பட்டனைக் கையில் கொடுத்தேன்.
ஐந்நூறில் அழுத்தினார்.
ஆயிரத்தில் அழுத்தினார்.
நாலாயிரத்தில் கட்டைவிரல் சும்மா கிடந்தது.
நான் ஒன்றும் அனுப்பாதபோது அழுத்தினார்.
மறுபடியும் அழுத்தினார்.
நிறுத்திவிட்டேன் ஐயா, என்று சைகை காட்டினேன்.
"எனக்கு நிக்கலியேம்மா.
சாவியைக் கழட்டி ஓனர்கிட்ட குடுத்த பிறகும் ஓடுது.
ராத்திரி பாயில படுத்தா
எங்கியோ ஒரு வயல் பாக்கி நிக்குது."

தாளில் கோடு
வலதோரம் உடைந்த வரப்பாகச் சரிந்தது.
இந்த மாதிரிக் காதில்
உயிரெழுத்து நிற்கும், மெய்யெழுத்து உதிரும்.
"சோத்தத் தின்னுட்டுப் போங்க" என்று வீட்டில் சொன்னால்
ஓ... இ... ஓ... என்று
ஆற்றுக்கு அக்கரையில் யாரோ
வேறு யாரையோ கூப்பிடுவதாகக் கேட்கும்.
மனுஷன் வேணும்னே செய்யறார் என்று
அவர் சம்சாரம் போனமுறை அழுதது.

நத்தையைத் திறந்து காட்டினேன்.
"வயல் நத்தையா?"
அதே சுருள்தான்.
உள்ளே தண்ணீர், தண்ணீரில்
வரிசை பிடித்த மயிர்கள்.
ஓசை வந்தால் சாயும், போனால் நிமிரும்.
உங்களுக்கு வாசல்பக்கம் நட்டதெல்லாம்
படுத்துவிட்டது.

சத்தம் போட்டும் எழுதியும் இதைச் சொல்லி முடித்தபோது
அவர் நத்தைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.
"மறுதாம்பு வருமா?"

பன்னிரண்டு வருஷத்தில்
யாரும் இப்படிக் கேட்டதில்லை.
வராது என்றேன்.
"என்னம்மா?"
வராது.
உள்ளங்கையைக் காதுக்குப் பின்னால் குவித்து
என் வாயைப் பார்த்தார்.
மூன்றாம் முறை கத்தினேன்.
மருந்துக் கவுண்டர் வரிசை முழுதும் திரும்பியது.
"அதுக்கேன் கத்துறீங்க" என்றார்.

காதுமெஷின் மனுவில் கைநாட்டு வைக்காமல்
கையெழுத்துப் போட்டார், முழுப் பெயர்,
தந்தை பெயர், ஊர்.
அவர் போனபின் ஹெட்போன் பஞ்சில்
அரை நெல் அளவுக்கு எதுவோ வளைந்து கிடந்தது.
கிடைத்துவிட்டது என்று ஒரு நொடி கை நீண்டது.
பதர்.
துடைத்தேன்.

"டோக்கன் பதினேழு."
பெஞ்சில் ஐந்து பேர்,
யாரும் எழவில்லை.
எழுந்து போனேன்,
ஒவ்வொரு தோளாகத் தொட்டுக் கேட்க.