பத்து நாளைக்கு

ஒருநாள் விட்டு ஒருநாள் கடலுக்குப் போகிறவனுக்கு
வீடு தூங்குகிற இடம்.
தடைக்காலத்தில் விசைப்படகு கட்டிக் கிடந்தபோதுதான்
உன்னைப் பகலில் பார்த்தேன், ஞானசெல்வி.

உப்பு டப்பாவுக்குள் ஒரு அட்டை.
மாதா படத்துக்குப் பின்னால் ஒன்று.
பாசிக்குப் போகிற சாக்கின் மடிப்பில்
விரலுக்குச் சுற்றும் பழந்துணிக்குள்
தனித்தனியாய் நறுக்கின நாலு மாத்திரை;
ஓரம் கையைக் குத்தியது.

மரிக்கொழுந்து பறிக்கப் போய் பாரில் வழுக்கி
உன் இடுப்பு அடிபட்ட வருஷம்
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தது
பத்து நாளைக்கு.
அந்தச் சீட்டை நீ லேமினேட் போட்டு வைத்திருக்கிறாய்.
நம் ரேஷன் கார்டுக்கே அந்த மரியாதை இல்லை.

முதலில் நான் பேசியது பேச்சே இல்லை.
எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்
சின்னப்பாலம் கரையில் நின்று எறிந்தேன்.
பெரிய ஆம்பளை மாதிரி இருந்தது,
சாயங்காலம் வரைக்கும்.

ராத்திரி நீ கொட்டாவி விட்டாய்,
விட்டுக்கொண்டே இருந்தாய்.
மூக்கு ஒழுகிற்று.
சித்திரைப் புழுக்கத்தில் கம்பளிக்குள்
மயிர்க்கால் குத்திட்டுக் கிடந்தாய்.
மறுநாள் காலால் சுவரை உதைத்தாய்.
அம்மாவுக்கு என்ன காய்ச்சல் என்றாள் பிரின்சி.
கடல் காய்ச்சல் என்றேன்.
அப்படி ஒன்று கிடையாது.

மூன்றாம் நாள்
தங்கச்சிமடம் மருந்துக்கடையில்
அந்தச் சீட்டை நீட்டியவன் நான்.
பையன் அதைப் பார்க்கக்கூட இல்லை.
"அக்காவுக்கா?" என்றான்.

பிறகு, வலை பொத்தும்போது
வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.
'நீ அடிமையாயிட்ட.'
வேண்டாம், அது ஊர்க்கூட்டத்தில் பேசுகிற குரல்.
'பிள்ளைய நினைச்சுப் பாரு.'
நினைக்காமலா இந்த இடுப்போடு
கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கிறாய்?
'ஏன் எங்கிட்டச் சொல்லல?'
எப்போது சொல்வாய், நான் எங்கே இருந்தேன்?
ஊசியில் நூல் தீர்ந்துபோனது.

நீதான் ஆரம்பித்தாய்,
அரிசி களைந்துகொண்டு, முகம் திருப்பாமல்:
"உன் பாட்டில நான் என்னைக்காச்சும் கடல்ல எறிஞ்சனா?"

இல்லை.

"இடுப்பு மட்டும் இல்ல. அதப் போட்டா
எல்லாமே கொஞ்சம் தள்ளிப் போயிருது.
கண்ணாடி மாட்டி தலைய முக்கினா
மேல யாரோ கத்துறது கேக்குமே, அது மாதிரி.
கடன்காரன் வந்து நின்னாலும்
மேல நிக்கிறான்."

பதில் தேடினேன்.
கிடைத்தது இதுதான்:
"இப்ப எங்க வலிக்குது?"
மூன்று வருஷத்தில் இதைக் கேட்டதே இல்லை என்பது
கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.
நீ இடுப்பைக் காட்டவில்லை.
களைந்த தண்ணீரைச் சாய்த்துவிட்டு
மறுபடி தண்ணீர் ஊற்றினாய்,
ஏற்கெனவே மூன்று தடவை களைந்த அரிசிக்கு.

திங்கட்கிழமை காலை பஸ்.
ஒரேயடியாய் நிறுத்தக் கூடாதாம்,
கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க டாக்டர் இருக்கிறாராம்,
செவிலியர் படிக்கிற உன் தங்கை மகள் போனில் சொன்னாள்.
நான் கேட்டதை உன்னிடம் சொன்னேன்.
நீ சரி என்றும் சொல்லவில்லை. சேலை மாற்றிக்கொண்டாய்.

பாலத்தில் ஏறியதும்
மடியிலிருந்து ஒரு அட்டை எடுத்து
என் உள்ளங்கையில் வைத்தாய்.
"இதான் கடைசி."
உன் கைப்பையின் வாயில்
இன்னொன்றின் ஓரம் வெயிலில் மின்னிற்று.
கச்சான் முகத்தில் அடித்தது.
ஜன்னலை இறக்கிவிட்டு
கண்டக்டரிடம் சொன்னேன்,
"ராமநாதபுரம். ரெண்டு."