இரண்டு உப்புக்கு ஒரு சர்க்கரை

கச்சூலு படகுத்துறையில் மழை விட்டிருந்தது.
கூடாரத்துக்குள் குளோரின் நெடி.
நடுவில் ஓட்டை வெட்டிய கட்டில்,
ஓட்டைக்கு நேர்கீழே வாளி.
வாளிக்குள் அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில்
ஒரு மனிதன் தீர்ந்துகொண்டிருந்தான்.

பெயர் வைசன். மலாவியின் உப்பேரியில்
நாணல் மிதவை மேல் குடிசை போட்டு மீன் பிடிப்பவன்.
அண்ணன் லெமானி இருட்டில் கழி ஊன்றிக் கொண்டுவந்தான்.
"வழி நெடுக உப்புத் தண்ணீர் கொடுத்தேன், சிஸ்டர்.
ஒரு கை உப்பு. போதவில்லையோ?"

திட்ட வாய் வரவில்லை.
படிக்கும்போது எனக்கும் புரியாத இடம் அது.
குடலின் உட்சுவர் ஒரே ஒரு செல் தடிமன்.
அந்தச் செல்லுக்குக் கொழுப்பில் நெய்த உறை;
உப்பு மோதும், திரும்பும்.
கிருமி செய்தது இவ்வளவுதான்:
வெளியே போகிற கதவுகளுக்கு முட்டுக்கொடுத்துவிட்டது.
குளோரைடு போகிறது, பின்னாலேயே சோடியம்,
உப்பு போன திசையில் தண்ணீர்.
தண்ணீருக்கென்று சொந்த புத்தி கிடையாது.

பக்கத்திலேயே இன்னொரு கதவு உண்டு,
கிருமி கண்ணில் படாதது.
தனியாக வரும் உப்பை அது சேர்ப்பதில்லை,
தனியாக வரும் சர்க்கரையையும்.
இரண்டு சோடியம் ஒரு குளுக்கோஸைக் கூட்டிவந்தால்
வெளிப்பக்கம் சாத்தி
உட்பக்கம் திறக்கும்.
இரு பக்கமும் ஒருசேரத் திறந்ததே இல்லை.

அன்றிரவு பொட்டலங்கள் தீர்ந்திருந்தன.
கடைசி டிரிப் பை மூன்று வயது எலூபியின் கையில்.
எங்களிடம் உப்பு இருந்தது. உப்பு எப்போதும் இருக்கும்.

டீக்கடை நாபண்டாவின் கதவைத் தட்டினேன்.
"காலராக் கூடாரமா? அங்கேயே நில்."
ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்தது.
கை வந்தது. கிண்ணம் வந்தது. கை போனது.
தாழ்ப்பாள் விழுந்த பிறகு குரல்:
"கிண்ணத்தைத் திருப்பிக் கொண்டுவராதே."

லிட்டருக்கு ஆறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு,
இரண்டும் தலை தட்டி.
உப்பு மிஞ்சினால் உள்ளிருக்கும் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும்.
கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது என்பது கணக்கு.
லெமானி ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து
"கரிக்கவில்லை" என்றான்.
கண்ணீர் ருசி அவனுக்கு அன்று தெரிந்திருந்தது.

கரண்டி. அறுபது எண்ணி மறுபடி கரண்டி.
வாந்தி. பத்து நிமிடம். கரண்டி.
வாளி நிரம்பிக்கொண்டேதான் இருந்தது.
கசிவை இது நிறுத்தாது, அதை யாரும் முதலில் சொல்வதில்லை.
போவதைவிட வருவது ஒரு மடக்கு கூட,
அந்த ஒரு மடக்கில்தான் ஆள்.

வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டேன்.
இரவெல்லாம் மடிப்பாகவே நின்ற தோல்
விடியலில் சட்டென்று படிந்தது.
ஏழரைக்கு வைசன் வெட்கப்பட்டு, மிக மெதுவாக,
ஒன்றுக்கு வருகிறது என்றான்.
லெமானி சிரித்த சிரிப்பில் எலூபி விழித்துக்கொண்டாள்.

கிண்ணத்தைக் கழுவலாம் என்று எடுத்தேன்.
அடியில் ஒட்டிய சர்க்கரைக்கு
எறும்புகள் வந்திருந்தன,
எந்தக் கதவையும் தட்டாமல்.